கழுத்துக்கு மேலே மாமா, கீழே பயில்வான்

ஆள் உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகை. அதில் புடைத்த புஜங்களோடு, லங்கோடு கட்டி நிற்கும் ஒரு பயில்வான். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. மாமா பலகைக்குப் பின்னால் போய் ஓட்டையில் முகத்தை வைக்கிறார். முன்னால் நிற்கும் அத்தை படம் எடுக்கிறார். அன்று இரவே அந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

இதில் யாரும் ஏமாறவில்லை என்பதுதான் விசேஷம். மாமா பயில்வானாகிவிட்டார் என்று ஐந்து வயதுக் குழந்தைகூட நம்பாது. ஓட்டையின் விளிம்பு தெரிகிறது, பெயிண்ட் உரிந்திருப்பதும் தெரிகிறது. ஆனாலும் பார்த்த அந்தக் கணத்தில் மாமாவின் தலையும் பயில்வானின் உடலும் ஒரே ஆளாகத்தான் கண்ணில் படுகின்றன. அறிவு "பொய்" என்று சொல்லி முடிப்பதற்குள் கண் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அந்தச் சின்ன இடைவெளியை உண்டாக்க ஒளியியலும் வேதியியலும் நரம்பியலும் ஓவியர்களின் பல நூற்றாண்டுத் தந்திரமும் அந்த ஒரு பலகையில் கூடி வேலை செய்கின்றன.

இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் காஷியஸ் மார்செலஸ் கூலிட்ஜ். 1844இல் நியூயார்க் மாநிலத்தின் ஆன்ட்வெர்ப் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஓவியம் முறையாகப் பயின்றவர் அல்ல. பெயர்ப்பலகை எழுதினார், மருந்துக்கடையில் வேலை பார்த்தார், ஒரு வங்கி தொடங்கினார், ஒரு செய்தித்தாள் தொடங்கினார், நியூ ஜெர்சியின் கொசுத் தொல்லையைப் பற்றி நகைச்சுவை இசை நாடகம்கூட எழுதினார். அவர் பெயரைக் கேட்டிராதவர்களும் அவர் ஓவியத்தைப் பார்த்திருப்பார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சுருட்டுப் புகைத்தபடி போக்கர் ஆடும் நாய்கள். 1903இல் ஒரு விளம்பர நிறுவனத்துக்காக அவர் வரைந்த அந்த வரிசை காலண்டர்களில் ஏறி உலகமெல்லாம் போனது. மனித உடலின் தோரணையில் நாய்த் தலை. ஏறக்குறைய முப்பது வருடம் முன்பே, 1874இல், அதே கூலிட்ஜ் இதற்குத் தலைகீழான ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். வரைந்த உடலின் மேல் நிஜ மனிதத் தலை.

அவருடைய முறையில் ஓட்டையே கிடையாது. இரண்டு குச்சிகளுக்கு நடுவே ஒரு துணி. அதில் கேலிச்சித்திரமாக ஒரு குட்டி உடல், கழுத்து வரைக்கும். படம் எடுத்துக்கொள்பவர் குச்சிகளை இரண்டு கையிலும் பிடித்துத் துணியைத் தன் நாடிக்குக் கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நிஜ உடல் முழுக்கத் துணிக்குப் பின்னால் மறைந்துவிடும். படத்தில் மிஞ்சுவது ஒரு பெரிய தலையும் அதற்குக் கீழே ஒரு பொடி உடலும். ஆளைப் படத்துக்குள் கொண்டுபோகாமல், படத்தை ஆளுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார். முழு உருவம் வரைந்து ஓட்டை போட்ட முகப்பலகைகள் இந்த யோசனையின் பெரிய வடிவம். பிரிட்டனின் கடற்கரை ஊர்களிலும் ஜப்பானின் சுற்றுலாத் தலங்களிலும் இவை இன்றும் நிற்கின்றன.

கூலிட்ஜின் யோசனைக்கு ஏன் கேமரா தேவைப்பட்டது? அடுத்த முறை இப்படி ஒரு பலகை முன்னால் நிற்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தால் முகம் பலகைக்குச் சற்றுப் பின்னால் இருப்பது பளிச்சென்று தெரியும். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டும் ஒரே காட்சியைக் கொஞ்சம் வேறுபட்ட கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுத்தான் மூளை எது முன்னே, எது பின்னே என்று முடிவு செய்கிறது. இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டாமல் பாருங்கள். பலகைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள ஆழம் பெரும்பாலும் கரைந்துவிடும். கேமராவுக்கு எப்போதும் ஒற்றைக் கண்தான். அது அசைவதும் இல்லை. அதனால்தான் நேரில் சுமாராக இருக்கும் வேடிக்கை படத்தில் அபாரமாக இருக்கிறது.

அன்றைய வேதியியலும் தன் பங்குக்கு உதவியது. 1870களில் புகைப்படக்காரர்கள் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவியும் முடித்தார்கள். அந்தத் தகடு நீலத்தையும் புற ஊதாவையும் நன்றாக உணரும். சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. நீல வானம் வெள்ளையாகவும் சிவந்த உதடு கறுப்பாகவும் விழும். இப்படிப்பட்ட தகட்டில் தோலின் நிறத்தையும் சாயத்தின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பொய்யைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஓவியர் வெளிச்சத்தையும் நிழலையும் சரியாகப் போட்டுவிட்டால் போதும், கன்னமும் துணியும் ஒரே பழுப்புச் சாம்பலில் வந்து நிற்கும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களின் பின்திரைகள் பெரும்பாலும் ஒற்றை நிறச் சாயல்களிலேயே வரையப்பட்டதற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு வசதியும் உண்டு. உள்ளறையில் படம் எடுக்கும்போது சில நொடிகள் ஆடாமல் இருக்க வேண்டும். தலை அசையாமலிருக்கப் பிடரிக்குப் பின்னால் இரும்புப் பிடி ஒன்றை வைப்பார்கள். பழைய படங்களில் தாத்தாக்கள் விறைத்து நிற்பதற்கு இந்தப் பிடிக்கும் பங்கு உண்டு. ஓட்டையில் நுழைத்த முகத்துக்கோ பலகையே பிடிமானம்.

இனி உண்மையான கைவேலைக்கு வருவோம். முகப்பலகை வரைபவர்களின் திறமை பயில்வானின் தசையில் இல்லை, ஓட்டையின் விளிம்பில் இருக்கிறது.

ஒரு காட்சியில் இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. அந்தக் கோடு யாருடையது? இரண்டு வயலுக்கு நடுவே ஓடும் வரப்பு யாருக்குச் சொந்தம் என்பதைப் போன்ற தகராறு இது. மூளை இதற்கு ஓயாமல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது. டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் பிரபலப்படுத்திய படம் நினைவிருக்கலாம்: நடுவில் ஒரு பூச்சாடி, அல்லது எதிரெதிரே இரண்டு முகங்கள். கோடு சாடிக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டால் சாடி தெரியும். முகங்களுக்குச் சொந்தம் என்றால் முகங்கள். இரண்டும் சேர்ந்து ஒருபோதும் தெரியாது. ஒரு விளிம்புக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான்.

இந்த வழக்கை விசாரிக்கும் நரம்பணுக்களை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ருடிகர் வான் டெர் ஹைட் குழுவினர் குரங்குகளின் மூளையில் அடையாளம் கண்டார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தியை முதலில் வாங்கும் பகுதிக்கு அடுத்த கட்டத்தில், பாதிக்கும் மேற்பட்ட அணுக்கள் வெறும் கோட்டைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. கோட்டின் எந்தப் பக்கத்துப் பொருளுக்கு அது சொந்தம் என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ துடித்தன. கோடு அதேதான், ஆனால் சொந்தக்காரர் மாறினால் துடிப்பும் மாறுகிறது. அணு துடிக்கத் தொடங்கிய 25 மில்லிநொடிக்குள், அதாவது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குள், தீர்ப்பு வந்துவிடுகிறது.

வெறும் வட்ட ஓட்டையில் என்ன நடக்கிறது? விளிம்பு பலகைக்குச் சொந்தமாகிவிடுகிறது. பலகை முன்னால் இருக்கிறது, முகம் அதற்குப் பின்னால் தொடர்கிறது என்று மூளை முடிவு கட்டுகிறது. ஜன்னலில் எட்டிப் பார்க்கும் முகம் மாதிரி. மறைந்திருக்கும் பகுதியை மூளை தானாகவே நிரப்பிக்கொள்வதால், பலகைக்குப் பின்னால் மாமாவின் நிஜக் கழுத்தும் நிஜத் தொந்தியும் இருப்பது "தெரிகிறது". வேடிக்கை படுத்துவிடும்.

கெட்டிக்கார ஓவியர் விளிம்பை வேறொருவர் பெயருக்கு மாற்றி எழுதுகிறார். ஓட்டையைச் சுற்றிச் சிங்கத்தின் பிடரிமயிரை வரைகிறார். அல்லது விண்வெளி வீரரின் தலைக்கவசம், சூரியகாந்தியின் இதழ்கள், ராணியின் தலையணி, ஸ்வெட்டரின் உயரமான கழுத்துப்பட்டை. இப்போது ஓட்டையின் விளிம்பு பலகையின் விளிம்பாகத் தெரியாது. தலைக்கவசத்தின் விளிம்பாகத் தெரியும். தலைக்கவசம் முகத்தை மறைப்பது இயல்புதானே. முகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருப்பதற்கு அந்தப் படத்திலேயே ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. உலகெங்கும் முகப்பலகைகளில் விண்வெளி வீரர்களும் சிங்கங்களும் பூக்களும் திரும்பத் திரும்ப வருவதை வெறும் கற்பனை வறட்சி என்று நான் நினைத்திருப்பேன். உண்மையில் அவை பொறியியல் தீர்வுகள். முடியையும் காதையும் வெளியே காட்டச் சொல்லும் பலகைகள்தான் பெரும்பாலும் தோற்கின்றன.

ஓட்டையின் அளவும் ஒரு புதிருக்குள் புதிர். ஆறு வயதுப் பேத்தியும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே ஓட்டையில் முகம் வைக்கிறார்கள். இருவருக்கும் ஏறக்குறைய பொருந்துகிறது. எப்படி? பிறக்கும்போதே குழந்தையின் தலைச் சுற்றளவு 34, 35 சென்டிமீட்டர். ஆறு வயதில் அது ஐம்பதைத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு 55, 57. உயரத்தில் பெரியவரின் எழுபது சதவீதத்தை எட்டும் வயதில், தலை தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டுவிடுகிறது. மூளை முந்திக்கொண்டு வளர்கிறது, மற்ற உறுப்புகள் சாவகாசமாகப் பின்னால் வருகின்றன. தாடை மட்டும் தாமதமாக நீள்வதால், சிறுவர்களின் படத்தில் நாடிக்குக் கீழே கொஞ்சம் இருட்டு தெரியும். மற்றபடி பேத்திக்குத் தேவைப்படுவது சின்ன ஓட்டை இல்லை, ஏறி நிற்க ஒரு ஸ்டூல்.

கூலிட்ஜ் ஏன் உடலைக் குட்டியாக வரைந்தார் என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. வளர்ந்த மனிதரின் உயரம் அவருடைய தலையைப் போல் ஏழரை மடங்கு. கைக்குழந்தைக்கு நான்கு மடங்கு. பெரிய தலையும் சின்ன உடலும் சேர்ந்தால் நம்மை அறியாமலே "குழந்தை" என்று வாசிக்கிறோம். ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் இதை எழுதினார்: பெரிய தலை, உயர்ந்த நெற்றி, குண்டுக் கன்னம் ஆகியவற்றைப் பார்த்தாலே நமக்குப் பரிவு சுரக்கிறது. கூலிட்ஜின் துணிக்கு மேலே இருந்ததோ மீசையும் முறைப்புமாக ஒரு கனவான். குழந்தை அளவில் உடல், மாஜிஸ்திரேட் மாதிரி முகம். லோரன்ஸ் பிறப்பதற்கு முன்பே ஒரு பெயர்ப்பலகை ஓவியர் அவர் கொள்கையை நடைமுறைப்படுத்திக் காசும் பார்த்துவிட்டார்.

முகத்தைப் பொறுத்தவரை நம் மூளை பேராசைக்காரன். முகம் போன்ற எதையாவது பார்த்தவுடன், ஏறத்தாழ 170 மில்லிநொடியில், மண்டையோட்டின் மேல் ஒட்டிய மின்முனைகளில் ஒரு தனித்த அலை எழுகிறது. கார், நாற்காலி, பூ எதற்கும் அந்த அளவுக்கு எழுவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் முகங்களுக்கென்றே முனைந்து வேலை செய்யும் ஒரு பகுதியை நான்சி கான்விஷர் 1997இல் விவரித்தார். பிறகு உடல்களுக்கென்றே ஒரு பகுதியும் அதன் பக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. முகமும் உடலும் சரியான இடத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தால், அவை ஒரே ஆள் என்பது மூளையின் முதல் ஊகம். லட்சக்கணக்கான வருடங்களாக அந்த ஊகம் பொய்த்ததே இல்லை, பிளைவுட் வரும் வரைக்கும்.

இதில் உடலின் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஹில்லெல் அவியேசர், யாக்கோவ் ட்ரோப், அலெக்சாண்டர் டோடோரோவ் மூவரும் டென்னிஸ் வீரர்களின் படங்களை எடுத்துக்கொண்டார்கள். முக்கியமான புள்ளியை வென்ற கணம், தோற்ற கணம். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது, எது வென்ற முகம், எது தோற்ற முகம் என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. உடலை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள். பிறகு வென்றவரின் முகத்தைத் தோற்றவரின் உடலில் ஒட்டினார்கள். பார்த்தவர்கள் அந்த முகத்தில் சோகத்தைக் கண்டார்கள்! முழுப் படத்தைப் பார்த்தவர்களில் பலர், முகத்திலிருந்துதான் கண்டுபிடித்தோம் என்றே நம்பினார்கள். உடல் சொன்னதை முகம் சொன்னதாக எழுதிக்கொள்வது மூளையின் வழக்கம்.

அதனால்தான் மாமா பயில்வான் பலகையில் வீரமாகவும், மணப்பெண் பலகையில் வெட்கப்படுவதாகவும் தெரிகிறார். மாமா இரண்டிலும் ஒரே மாதிரிதான் விழித்துக்கொண்டிருந்தார்.

ஒரே தலையை உடல்தான் அர்த்தப்படுத்துகிறது என்பதைத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் 12ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் செய்து காட்டிவிட்டார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷப குஞ்சரம் என்ற சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கம் காளையின் உடல், மறுபக்கம் யானையின் உடல், இரண்டுக்கும் நடுவில் ஒரே தலை. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை நிற்கிறது. காளையின் உடலை மறைத்தால் யானை. தலையில் ஒரு கீறல்கூட மாறவில்லை. காளையின் கொம்பாக நின்ற கோடு யானையின் தந்தமாகக் கணக்கு மாறிவிடுகிறது. விளிம்பு யாருக்குச் சொந்தம் என்ற பழைய வழக்கேதான். அந்தச் சிற்பத்தைக் கடந்து போகிறவர்கள் பலர் கையால் மறைத்துப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

தஞ்சைப் பகுதியின் பொய்க்கால் குதிரையையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம். இடுப்பில் குதிரைக் கூடு, அதைச் சுற்றித் துணி, கீழே கட்டைக்கால். ஆடுபவரின் மேலுடல் நிஜம், அவர் ஏறியிருக்கும் குதிரை பொய். இங்கே சவால் இன்னும் பெரிது, ஏனென்றால் கேமரா இல்லை. பார்ப்பவர்கள் இரண்டு கண்ணோடும், நாலா பக்கமும் நிற்கிறார்கள். அந்தக் குறையை ஆட்டக்காரர் அசைவால் ஈடுகட்டுகிறார். குதிரையும் ஆளும் ஒரே தாளத்தில் ஒன்றாகக் குலுங்கும்போது, சேர்ந்து அசைபவை ஒரே பொருள் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. முகப்பலகை ஆடாமல் நின்று சாதிப்பதைப் பொய்க்கால் குதிரை ஆடியே சாதிக்கிறது.

திருவிழாக் கூடாரங்களில் தலை பெண், உடல் பாம்பு என்று கூவிக் காசு வாங்கிய நாககன்னிக் காட்சிகள் வேறு ரகம். அங்கே நோக்கம் சிரிப்பு இல்லை, திகில். அதற்கு விளிம்பை முழுதாக மறைத்தாக வேண்டும். இந்த வகை வித்தையின் பிரபலமான முன்னோடி 1865 அக்டோபரில் லண்டனின் ஈஜிப்ஷியன் ஹாலில் அரங்கேறியது. ஸ்டோடேர் என்ற மந்திரவாதி மூன்று கால் மேசைமேல் ஒரு பெட்டியை வைத்துத் திறந்தார். உள்ளே எகிப்திய அலங்காரத்தில் ஒரு தலை. அது கண்ணைத் திறந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. மேசைக்கு அடியில் வெட்டவெளி, பின்னால் தொங்கும் திரை தெரிகிறது. உடல் எங்கே? மேசைக் கால்களுக்கு நடுவே 45 பாகைச் சாய்வில் இரண்டு கண்ணாடிகள். பார்வையாளர்கள் பின்திரை என்று பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்திரையின் பிம்பத்தை. ஆள் கண்ணாடிகளுக்குப் பின்னால் மறைந்திருந்து, மேசையின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். இதற்கு யோசனை தந்தவர் தாமஸ் டோபின்.

ஓவியத்துக்குள் தலையை நுழைப்பது ஒரு வழி. ஓவியத்திலிருந்து தலை வெளியே நீட்டுவது எதிர்வழி. இத்தாலியின் மான்டுவா நகர அரண்மனையில் ஆன்ட்ரியா மான்டேன்யா 1474இல் முடித்த ஓர் அறை இருக்கிறது. சுமார் 8 மீட்டர் சதுரம். கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு, அதற்கு மேலே நீல வானம். திறப்பின் கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்தபடி பெண்கள் கீழே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிறகு முளைத்த குழந்தைகள் சில சுவரின் வளையங்களுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு செடித் தொட்டி ஒல்லியான கம்பின்மேல், இப்போதோ அப்போதோ என்று நம் தலைக்கு நேரே நிற்கிறது. திறப்பும் இல்லை, வானமும் இல்லை. எல்லாம் பூச்சுமேல் வரைந்தது. கீழிருந்து பார்த்தால் நாடி பெரிதாகவும் நெற்றி சுருங்கியும் தெரிய வேண்டும் என்ற கணக்கைப் பிசகாமல் போட்டிருக்கிறார்.

அதற்குச் சரியாக 400 வருடம் கழித்து, கூலிட்ஜ் காப்புரிமை வாங்கிய அதே 1874இல், கட்டலான் ஓவியர் பெரே பொரெல் டெல் காசோ ஒரு சிறுவனை வரைந்தார். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்து, தலையை முன்னே நீட்டி, விழி பிதுங்கப் பார்க்கும் பையன். 'விமர்சனத்திலிருந்து தப்பித்தல்' என்று பெயர். பையன் பிடித்திருக்கும் சட்டமும் துணியில் வரைந்ததுதான். அந்தச் சட்டத்தின்மேல் அவன் விரல்களின் நிழலும் விழுகிறது. பாதி வேலையைச் செய்வது இந்த நிழல். 1997இல் டான் கெர்ஸ்டன் குழுவினர் கணினித் திரையில் ஒரு பந்தை ஒரே பாதையில் நகரவிட்டு, அதன் நிழலின் பாதையை மட்டும் மாற்றினார்கள். பந்து தரையில் உருளுவதாகவும், பிறகு மேலே எழும்புவதாகவும் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மூளை முதலில் நிழலைத்தான் விசாரிக்கிறது.

ஓவியமும் மேடை வித்தையும் சினிமாவில் சேர்ந்துகொண்டன. மந்திரவாதியாக இருந்து படம் எடுக்க வந்த பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மெலியே 1901இல் 'ரப்பர் தலை மனிதன்' என்ற குறும்படம் எடுத்தார். ஆய்வகத்தில் ஒருவர் தன்னுடைய தலையைப் போன்றே இன்னொரு தலையை மேசைமேல் வைத்துத் துருத்தியால் காற்றடிக்கிறார். தலை உப்புகிறது, உப்பிக்கொண்டே போகிறது. உதவியாளன் பேராசையில் இன்னும் அடிக்க, தலை வெடித்துவிடுகிறது. இரண்டு தலையும் மெலியேதான். உடலைக் கறுப்பால் மறைத்து, தலை மட்டும் பதியும்படி தனியாக ஒருமுறை படம் பிடித்தார். கேமராவை அசைக்கவில்லை. சக்கர வண்டியில் தான் உட்கார்ந்து கேமராவை நோக்கி நகர்ந்தார். நான்கு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால் முகம் நான்கு மடங்கு பெரிதாகும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் நெருங்க நெருங்கக் கழுத்து மேசை மட்டத்திலிருந்து விலகிவிடுமே? அதற்காக வண்டியை ஒரு சரிவுத் தளத்தில் ஓடவிட்டார். தலை உப்பினாலும் கழுத்து மேசையை விட்டு அகலவில்லை. நாடியை விளிம்பில் பொருத்துவது கூலிட்ஜின் துணியிலிருந்து மெலியேவின் சரிவுத் தளம் வரை தீராத ஒரே தலைவலி.

இன்று ஒரு செயலி இந்தத் தலைவலியை ஒரு நொடியில் தீர்த்துவைக்கிறது. எந்த உடலிலும் எந்த முகத்தையும், தையல் தெரியாமல், தோல் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிக்கட்டி ஒட்டிவிடுகிறது. என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: அது சிரிப்பை வரவழைப்பதில்லை, பயத்தைத்தான் வரவழைக்கிறது. முகப்பலகையின் வேடிக்கைக்குத் தையல் தெரிந்தாக வேண்டும். கண் நம்ப வேண்டும், அறிவு நம்பக் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் சிரிப்பு. கண்ணும் அறிவும் சேர்ந்து ஏமாந்தால் அதற்குப் பெயர் மோசடி.

செல்ஃபி காலத்திலும் முகப்பலகை பிழைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இதைத் தனியாளாக எடுத்துக்கொள்வது கடினம். கை பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். உள்ளே தலை வைத்திருப்பவருக்குத் தன் உடல் எப்படி இருக்கிறது என்றும் தெரியாது. ஊரே சிரிக்கும் காட்சியை அந்த ஒருவரால் மட்டும் பார்க்க முடியாது. எதிரே ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

அந்த எதிரே நிற்பவருக்குச் சில குறிப்புகள். ஓட்டையின் உயரத்துக்கே கேமராவைப் பிடியுங்கள், பக்கவாட்டில் நகராதீர்கள். முகம் பலகைக்கு 10 சென்டிமீட்டர் பின்னால் இருந்து, நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி, முப்பது சென்டிமீட்டர் மட்டும் விலகி நின்றாலே முகம் ஓட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு காது போய்விடும். முடிந்தால் நான்கு மீட்டர் பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், ஓட்டைக்குள் முகம் இருண்டு போகும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் காலையோ மாலையோ நல்லது. உள்ளே இருப்பவர் முகத்தைப் பலகையின் மட்டத்துக்குத் தள்ளி, நாடியை வரைந்த கழுத்துப்பட்டையின்மேல் வைக்க வேண்டும். சிரிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பயில்வானுக்கு வேண்டிய முகபாவத்தைப் பயில்வானின் உடலே கொடுத்துவிடும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்துவையுங்கள். முதல் படத்தில் பெரும்பாலும் நாடி காணாமல் போயிருக்கும்.